மதினியின் மூக்கும் எங்கள் சின்னக் காரும்

ஒரு ஆயுத பூசை காலையில், எங்கள் ஏழு வயது மகளை உள்ளே உட்காரவைத்துவிட்டு, எங்கள் காருக்கு நாங்களே தீ வைக்கப் போனோம். தெரிந்து செய்யவில்லை. சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டு, சூடம் ஏற்றி, முறைப்படிதான் செய்யப் போனோம். அது நடக்காமல் போனதற்குக் காரணம் என் வீட்டுக்காரருடைய அக்காவின் மூக்கு. அந்த மூக்கைத்தான் அதற்கு முந்தின நான்கு நாளும் நான் ஏசிக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் கழித்து நினைத்தாலும் எனக்கு முதலில் வருவது ‘அப்பாடா’ என்ற பெருமூச்சுதான். வெட்கம் அதற்குப் பிறகு வரும்.

எண்பதுகளின் பின்பாதி அது. போடியில் கார் என்றால் பெரிய முதலாளிமார் வீட்டில் நிற்கும் நீளமான கார்தான். மற்றவர்களுக்கு ஜீப்பு. மலையில் தோட்டம் வைத்திருப்பவர்கள் ஜீப்பை விட்டு வேறு வண்டியை வண்டி என்றே ஒத்துக்கொள்ளமாட்டார்கள். எங்களுக்குப் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் மூன்று ஏக்கர் ஏலத்தோட்டம் இருந்தது. அதற்குப் போய்வர பஸ்சையும் வாடகை ஜீப்பையும் நம்பிப் பாதி ஆயுசு போயிற்று. ஜீப்பில் பதினெட்டுப் பேரோடு பத்தொன்பதாவது ஆளாக, ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே என்று தொங்கிக்கொண்டு போன என் வீட்டுக்காரர், ஒருநாள் வேட்டி கிழிந்து வந்து நின்றார். அன்றைக்கே நமக்கென்று ஒரு வண்டி வேண்டும் என்று முடிவாகிவிட்டது.

மலையில் எஸ்டேட் ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது தன் காரை விற்றுவிட்டுப் போனார். அப்போதுதான் புதிதாக வந்துகொண்டிருந்த சின்னக் கார். டிக்கி என்று தனியாகப் பின்னால் நீட்டிக்கொண்டு இருக்காது. முதுகோடு வெட்டிவிட்ட மாதிரி முடிந்துவிடும். பின்கதவு கண்ணாடியோடு சேர்ந்து மேலே தூக்கிக்கொள்ளும். எங்கள் தெருவில் அதற்கு ‘பின்னால வாய் தொறக்குற காரு’ என்று பெயர் வைத்தார்கள். குரங்கணி ஜீப்பு டிரைவர் ஒருவர் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “அண்ணே, மலையேற முடியலைன்னா சொல்லுங்க. இத அப்படியே தூக்கி நம்ம ஜீப்புல வச்சு ஏத்திருவோம்” என்றார். என் வீட்டுக்காரர் அவரோடு ஆறு மாசம் பேசவில்லை.

மலையேறியது. அதை நான் சொல்லியாக வேண்டும். ஆனால் தன் இஷ்டப்படிதான் ஏறியது. காலையில் சோக்கை இழுத்து, பெடலை இரண்டு மிதி மிதித்து, ஒரு நிமிஷம் அதன் பாட்டுக்கு விட்டால்தான் கிளம்பும். அவசரப்பட்டால் அன்றைக்குப் பூராவும் முறைத்துக்கொள்ளும். ஸ்டீயரிங்கை வலது பக்கம் முழுசாக ஒடித்தால் ஹார்ன் தானாக அடிக்கும். மலைப்பாதையில் அது ஒரு வசதி. வலது வளைவுகளுக்கெல்லாம் வண்டியே அடித்துக்கொண்டது. இடது வளைவுக்கு மட்டும் நாம் ஞாபகமாக அடித்தால் போதும். ஊருக்குள் அப்படி இல்லை. போலீஸ் ஸ்டேஷன் முக்கில் வலது பக்கம் திரும்பும்போதெல்லாம் அலறும். என் வீட்டுக்காரர் முகத்தை நேராக வைத்துக்கொண்டு, வேறு யாரோ அடித்த மாதிரி போவார்.

பின்கதவைத் தாங்கும் கம்பி டாக்டர் காலத்திலேயே செத்துவிட்டது. தூக்கினால் நிற்காது. அதற்கு ஒரு மூங்கில் கம்பு வெட்டி வைத்திருந்தோம். முட்டுக்கொடுக்க மறந்தால் கதவு தலையில் இறங்கும். அவர் தலையில் இரண்டு முறை, என் தலையில் ஒரு முறை. பின்சீட்டுக் கதவு இரண்டும் வெளியே இருந்து திறக்கும், உள்ளே இருந்து திறக்காது. “பிள்ளைக்குப் பாதுகாப்பு” என்று அதையும் அவர் பெருமையாகத்தான் சொல்வார். ஹேண்ட் பிரேக் நினைத்தால் பிடிக்கும். அதனால் ஜீப்புக்காரர்களைப் போலவே நாங்களும் கயிறு கட்டிய ஒரு மரக்கட்டை வைத்திருந்தோம். ஏற்றத்தில் நின்றால் இறங்கிப்போய் டயருக்குப் பின்னால் கட்டை போடவேண்டியது என் சோலி. காரில் போகிற வீட்டுப் பெண் இறங்கிக் கட்டை போடுவாளா என்று கேட்டவர்கள் உண்டு. போடாவிட்டால் காரில் போக முடியாது என்று பதில் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அதனால் ஆன உபகாரம் கொஞ்சமில்லை. பின்சீட்டை மடக்கிவிட்டால் சின்ன லாரிதான். பருத்திக்கொட்டை மூட்டை வந்தது, பம்ப் செட்டு மோட்டார் வந்தது, எங்கள் வீட்டு ஆட்டுக்கல்லே அதில்தான் வந்தது. சவுக்குக் கன்றுகளைப் பின்கதவு வழியே வெளியே நீட்டிக்கொண்டு, கதவைக் கயிற்றால் கட்டி, தலைவிரிகோலமாகத் தெருவுக்குள் வருவோம். எல்லாவற்றுக்கும் மேலாக காய் வந்தது. ஏலக்காயை நாங்கள் ஏலக்காய் என்று சொல்வதில்லை. போடியில் காய் என்றால் அது ஒன்றுதான். மலையில் உலர்த்துகிற ஸ்டோரிலிருந்து சாக்குச் சாக்காக அந்தப் பின்பக்கத்தில்தான் இறங்கியது.

அதற்கு முன்பே நான் அந்தக் காருக்குள் காயைக் கொண்டுவந்துவிட்டேன். டாக்டருடைய கார் இல்லையா, வாங்கின புதிதில் உள்ளே ஆஸ்பத்திரி லோஷன் வாடை அடிக்கும். உட்கார்ந்தாலே ஊசி போட்டுக்கொள்ளப் போகிற மாதிரி இருக்கும். என் மகள் உள்ளே ஏறமாட்டேன் என்று அழுதாள். விலை போகாத வெடிப்புக் காயாகப் பார்த்து எடுத்து, பழைய வேட்டித் துணியில் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி சீட்டுக்கு அடியில் வைத்தேன். பத்தே நாளில் லோஷன் வாடை போன இடம் தெரியவில்லை. வெளியூர் ஆட்கள் ஏறினால், “என்னங்க இது, பாயசத்துக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு” என்பார்கள். எனக்குத் தலைகால் புரியாது. எங்களுக்கோ அந்த வாசம் கொஞ்ச நாளில் தெரியாமலே போயிற்று. ஊறிப்போன மூக்குக்கு வாசம் ஏது.

இப்போது மதினி. என் வீட்டுக்காரருக்கு எட்டு வயது மூத்தவர். தூத்துக்குடியில் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமனார் மாமியார் காலமான பிறகு எங்கள் வீடுதான் அவருக்குப் பிறந்த வீடு. வருஷா வருஷம் நவராத்திரிக்கு வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போவார். அதிகம் பேசமாட்டார். ஆனால் எதையும் மோந்து பார்ப்பார். பால் செம்பை, அரிசிப் பானையை, நான் வைத்த குழம்பை. வாயில் வைப்பதற்கு முன் அது மூக்குக்குப் போகும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் சமையலுக்கு மார்க் போடுகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த வருஷம் வந்தவரைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். எங்கள் வழக்கம் ஐந்து லிட்டர் பெட்ரோல்தான். அன்றைக்கு மட்டும், அக்கா இருக்கும்போது நடுவழியில் நிற்கக் கூடாது என்று அவர் டேங்க் நிறையப் போட்டார். முன்சீட்டில் அவரும் மகளும். பின்னால் நானும் மதினியும். மலை ஏற ஆரம்பித்து நாலைந்து வளைவு தாண்டியதும் மதினி முந்தானையை மூக்கில் வைத்தார்.

“தம்பி, என்னமோ வாடை வருதுடா.”

“காய் வாசம்க்கா.”

“அது எனக்குத் தெரியாதா. இது வேற. பெட்ரோல் வாடை மாதிரி இருக்கு.”

“பெட்ரோல்ல ஓடுற வண்டியில மல்லியப்பூ வாசமா வரும், மதினி?” என்றேன் நான். என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மதினி சிரிக்கவில்லை. மேலே போய்ச் சேரும்வரை முந்தானையை எடுக்கவில்லை. சாயங்காலம் இறங்கி வரும்போது அந்த வாடையைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. போகும்போது அடித்து, வரும்போது அடிக்காமல் இருக்கிற ஒரு வாடையா? மதினிக்கு வேண்டும்போது வருகிறது, வேண்டாதபோது போகிறது என்று மனசுக்குள் எழுதிவைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் காரை எதிரே சமமாகக் கிடந்த பொட்டலில் நிறுத்தி, சாக்கு விரித்து அடியில் படுத்து, கையாலேயே தடவிப் பார்த்தார். அக்கா சொன்னால் அவருக்கு அது கட்டளை. எழுந்து வந்து, “ஒரு பொட்டு ஈரம் இல்லக்கா” என்று விரலைக் காட்டினார். மதினி விரலை மோந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு அதோடு தெளிவாகிவிட்டது. போடியில் பிறந்து வளர்ந்தவருக்குக் கருவாட்டு ஊருக்குப் போனதும் நம் காய் நாறுகிறது. இதை அவர் காதில் விழாத தூரத்தில், ஆனால் விழுந்தாலும் பரவாயில்லை என்கிற சத்தத்தில் இரண்டு தடவை சொன்னேன். சொன்னதோடு விடவில்லை. இன்னும் ஆறு பொட்டலம் கட்டி, மதினி உட்காருகிற பின்சீட்டுக்கு நேர் அடியில் வைத்தேன். இந்தத் தடவை வெடிப்புக் காய் இல்லை. கோபத்தில் விலை போகிற நல்ல பச்சைக் காயையே அள்ளிவிட்டேன்.

ஆயுத பூசைக்கு முதல் நாள் கடைவீதிக்குப் போனோம். பூசணிக்காய், பொரிகடலை, வாழைக்கன்று எல்லாம் வாங்கியாயிற்று. திரும்பும்போது பெட்ரோல் பங்கில் நிறுத்தச் சொன்னது நான். பூசைக்கு நிற்கிற வண்டி நிறைகுடமாக நிற்க வேண்டும், அரைவயிற்றோடு நிற்கக் கூடாது என்று எனக்கு ஒரு எண்ணம். வாய் வழியப் போட்டார்கள். எங்கள் தெரு ஏற்றத்தில் வண்டி திரும்பியதும் மதினி மறுபடியும் முந்தானையை மூக்கில் வைத்தார்.

“மறுபடி வருது தம்பி. நல்லாப் பாருடா.”

எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு ஆத்திரம். “ஒங்களுக்கு இந்த வண்டி ஒத்துக்கல, நம்ம காய் ஒத்துக்கல. எங்க வீடும் ஒத்துக்கலைன்னா பஸ்சு இருக்கு, மதினி” என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மதினி உள்ளே போய்த் துணிகளை மடித்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தார். காலையில் முதல் பஸ்சுக்குப் போகிறேன் என்றார். என் வீட்டுக்காரர் என்னையும் ஏசவில்லை, அவரையும் தடுக்கவில்லை. அந்தப் பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் காரின் பின்பக்கத்தில் வைத்துப் பூட்டினார். “பூசை முடிஞ்சதும் நானே பஸ் ஸ்டாண்டுல விட்டுர்றேன்க்கா” என்றார். பிறகு கவாத்துக் கத்தி, மண்வெட்டி, மருந்தடிக்கிற பம்ப்பு எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்து சாமி முன்னால் பரப்பினார். கார் சாவியையும் அந்தத் தட்டில் வைத்து அதற்கும் ஒரு பொட்டு வைத்தார். ஆயுத பூசைக்குச் சாமி முன் வைத்ததைப் பூசை முடியாமல் எடுக்கக் கூடாது. மதினியின் பெட்டி சீட்டுக்கு மேலாக இழுத்து எடுக்கிற அளவும் இல்லை. அக்காவை நிறுத்திவைக்க அவர் செய்த தந்திரம் எனக்குப் புரிந்தது. அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டேன்.

காலையில் கார் வழக்கம்போல வாசல் சரிவில் முன்பக்கம் மேலேயும் பின்பக்கம் கீழேயுமாக, கட்டை போட்டு நின்றது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். சிமெண்டுத் தரை முழுக்க ஈரம். சந்தனம் பூசி, மாலை போட்டு, நாலு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, முன்கண்ணாடி ஓரத்தில் ஊதுபத்தி செருகினோம். வெறும் வண்டிக்குப் பூசை போடக் கூடாது, பெண்பிள்ளை உள்ளே இருந்தால் லட்சுமி இருக்கிற மாதிரி என்று மகளுக்குப் பட்டுப்பாவாடை கட்டிப் பின்சீட்டில் உட்காரவைத்து, கதவையும் நன்றாகச் சாத்தினேன். இது எந்தச் சாத்திரத்திலும் இல்லை. நானாகச் செய்துகொண்ட வழக்கம்.

மதினி பூசையைப் பார்க்க வரவில்லை. பெட்டிக்காக வந்தார். காருக்குப் பின்னால், பின்கதவை ஒட்டி, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

என் வீட்டுக்காரர் பூசணிக்காயில் சூடத்தை வைத்துப் பற்றவைத்தார். நல்ல பெரிய கட்டிச் சூடம், தீ ஒரு சாண் உயரத்துக்கு எழுந்தது. முன்பக்கம் மூன்று சுற்று காட்டிவிட்டு, வண்டியைச் சுற்றி வர வலது பக்கமாக நடந்தார். நான் மணியை அடித்துக்கொண்டு பின்னால் போனேன். அப்போதுதான் மதினி குனிவதைப் பார்த்தேன். ஈரத் தரையை விரலால் தொட்டு மூக்கில் வைத்தார். நிமிர்ந்தவர் இரண்டே எட்டில் எங்கள் முன்னால் வந்து, தம்பியின் கையில் இருந்த பூசணிக்காயைத் தீயோடு வாங்கிக்கொண்டு, தெருவைத் தாண்டி நடந்தார். பொட்டலின் அந்தக் கோடிக்குப் போய், உடைக்காமல், தண்ணீர்க் குடத்தை இறக்கிவைப்பது போலத் தரையில் வைத்தார்.

பூசைப் பொருளைக் கையில் இருந்து பறித்துக்கொண்டு போவதா? தெருவில் நாலு பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். எனக்குக் கண் மண் தெரியவில்லை. மதினி திரும்பி வருவதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். “நாங்க நல்லா இருக்கிறது பொறுக்கலையா ஒங்களுக்கு?” என்று கேட்டேன். அந்த வாக்கியத்தை இப்போது எழுதும்போது கை கூசுகிறது. கேட்டேன் என்பதுதான் உண்மை.

மதினி என்னைத் தாண்டிப் போனார். பின்சீட்டுக் கதவைத் திறந்தார். “ஆத்தா, எறங்கு. அத்தை தூக்கிக்கிறேன், வா” என்று மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டார். ஏழு வயதுப் பிள்ளை, பட்டுப்பாவாடை தரையில் இழுபட, மூன்று வீடு தாண்டிப் போய் ஒரு வாசலில் இறக்கிவிட்டுத்தான் எங்கள் பக்கம் திரும்பினார்.

“தம்பி, அந்த ஊதுபத்திய எடுத்துத் தண்ணியில போடு. ஒருத்தரும் பீடி கீடி பத்த வச்சிறாமப் பாரு. அப்புறம் வண்டிக்குப் பின்னால குனிஞ்சு பாரு.”

அவர் ஊதுபத்தியைப் பிடுங்கி வாளியில் போட்டார். பின்னால் போய்க் குனிந்தார். குனிந்தவர் எழுந்திருக்கவில்லை, அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் போய்ப் பார்த்தேன். தரையில் தேங்கிய தண்ணீரின் மேல் கலர் கலராகப் படலம் மிதந்தது. பின்டயர் பக்கத்தில் மேலே இருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. டயருக்கு அடியில் நான் வைத்த எலுமிச்சம்பழம் அதில் நனைந்து பளபளத்தது. அப்போதும் எனக்கு வாடை தெரியவில்லை. திறந்திருந்த கதவு வழியே வந்த காய் வாசம்தான் தெரிந்தது. முழங்கால் போட்டு, முகத்தைத் தரைக்கு ஒரு சாண் பக்கத்தில் கொண்டுபோன பிறகுதான் பெட்ரோல் பளீரென்று மூக்கில் ஏறியது.

அவர் இன்னும் நாலு எட்டு வைத்திருந்தால் அந்தத் தீ அங்கே வந்திருக்கும். சூடத்தில் இருந்து ஒரு பொறி உதிர்ந்தால் போதும். பிள்ளை உள்ளே. கதவு உள்ளே இருந்து திறக்காது.

எப்படி நடந்தேன் என்று தெரியாது, அந்த மூன்றாவது வீட்டுக்குப் போனேன். என் மகள் வாசற்படியில் உட்கார்ந்து மடி நிறையப் பொரியை வைத்துத் தின்றுகொண்டிருந்தாள். “அம்மா, அத்தை ஏன் பூசணிக்காய ஒடைக்கல?” என்று கேட்டாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு சிரித்தேன், அழுதேன். எது முதலில் என்று நினைவில்லை. அவள் பொரி கொட்டுகிறது என்று என்னைத் தள்ளிவிட்டாள். அந்தத் தள்ளலைப் போல எனக்கு நிம்மதி கொடுத்தது அதற்கு முன்னும் பின்னும் எதுவும் இல்லை.

பிறகு வண்டியைத் தள்ள வேண்டும். ஸ்டீயரிங் பூட்டைத் திறக்கச் சாவி வேண்டும். நானே ஓடிப்போய், பூசை முடியாத தட்டில் இருந்து சாவியை எடுத்து வந்தேன். சாமி ஒன்றும் சொல்லவில்லை. தெரு ஆட்கள் நாலு பேர் கட்டையை எடுத்துவிட்டு, மாலையும் சந்தனமுமாக இருந்த காரை மெதுவாகப் பின்னாலேயே இறக்கி, சூடம் அணைந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு, பொட்டலின் இந்தக் கோடியில் நிறுத்தினார்கள். வாசலுக்கு மண் அள்ளிப் போட்டோம்.

மெக்கானிக்கை அழைத்து வந்தார்கள். அவரும் பட்டறையில் பூசை போட்டுவிட்டு நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். “இன்னிக்கு ஸ்பேனரத் தொடமாட்டேன்ணே. கையால வேணா பாக்குறேன்” என்று அடியில் கையை விட்டுத் தடவினார். பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்குப் போகிற ரப்பர் குழாய் மேல்பக்கம் வெடித்திருந்தது.

“கொறச்சலா ஊத்தி சமதளத்துல நிறுத்தினா ஒரு சொட்டு வராது. நெறைய ஊத்தி, வண்டி மூக்கத் தூக்கிட்டு நின்னாத்தான் ஒழுகும். ஏத்தத்துல போகும்போது வாடை அடிச்சிருக்குமே, தெரியலையா?” என்றார்.

மெக்கானிக் கார் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார். உடனே வெளியே எடுத்தார். “ஏக்கா, இதுக்குள்ள ஒரு பேரல் பெட்ரோலக் கொட்டினாலும் தெரியாதுக்கா” என்று சொல்லிவிட்டு, சீட்டுக்கு அடியில் கையை விட்டு என் பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பொட்டலின் கட்டைச்சுவரில் வரிசையாக வைத்தார். மொத்தம் பதினான்கு. தெருவே நின்று பார்த்தது. எனக்குத் தலை நிமிரவில்லை.

மதினியின் பெட்டியை என் வீட்டுக்காரர் பின்கதவைத் திறந்து எடுத்தார். அந்தப் பதற்றத்தில் மூங்கில் கம்பை மறந்துவிட்டார். கதவு மூன்றாவது முறையாக அவர் தலையில் இறங்கியது. அன்றைக்கு முதன்முதலாக மதினி சிரித்தார். நான் போய்ப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க எங்களுக்கெல்லாம் வாய் பழகவில்லை.

“இருந்துட்டுப் போங்க, மதினி.”

“பஸ்சு இருக்குன்னியே.”

“அது நாளைக்கும் இருக்கும். அடுத்த வாரமும் இருக்கும்.”

மதினி கைப்பிடியை விட்டார். சுவரில் இருந்த பொட்டலங்களைப் பார்த்தார். அதில் ஒன்றை எடுத்து, வழக்கம்போல மூக்கில் வைத்தார். நல்ல பச்சைக் காய் இருந்த பொட்டலம். பெட்டியைத் திறந்து சேலைகளுக்கு நடுவில் செருகினார்.

“இத நான் கொண்டு போறேன்” என்றார்.

“ஒங்களுக்குத்தான் இந்த வாசம் ஆகாதே” என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“யாரு சொன்னா?” என்றார் மதினி. கோபமில்லை. “எங்க அப்பா ஸ்டோருல இருந்து வந்து என்னையத் தூக்குனா, அவரு சட்டையில இந்த வாசந்தான் இருக்கும். இங்கேர்ந்து ஊருக்குப் போயி பெட்டியத் தொறந்தா ஒரு மாசம் இது இருக்கும். அது வரைக்கும் அந்தச் சேலையெல்லாம் நான் நனைக்கவே மாட்டேன். இதுல வேற ஒரு வாடை கலந்தா எனக்குத் தெரியாமப் போகுமா, தாயி?”

காயை அறியாதவர் மூக்கு என்று நான் நினைத்தது எங்கள் எல்லோரையும்விடக் காயை அறிந்த மூக்கு. எங்களுக்கு அது மரத்துப்போயிருந்தது. அவருக்கு அது ஒவ்வொரு தடவையும் புதிதாக வந்துகொண்டிருந்தது. நான் அங்கேயே பொட்டலில் நின்று அழுதேன். மதினி முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, “போ, வெரசா எலையப் போடு, பிள்ளைக்குப் பசிக்கும்” என்றார்.

புதுக் குழாய் போட்டார்கள். உள்ளே இருந்தும் திறக்கிற மாதிரி இரண்டு கதவையும் சரிசெய்தார்கள். ஹார்னை மட்டும் என் வீட்டுக்காரர் தொட விடவில்லை. மதினி இன்னும் ஒன்பது நாள் இருந்தார். என் குழம்பை மோந்து பார்த்துத்தான் சாப்பிட்டார். நானும் அவர் மோந்து பார்த்த பிறகே இறக்கினேன். ஊருக்குக் கிளம்பிய அன்று மிச்சப் பதின்மூன்று பொட்டலத்தையும் அவர் பெட்டியில் வைத்துவிட்டேன். காரில் ஒன்றுகூட வைக்கவில்லை.

அவரைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது மகள் பின்சீட்டில் என் மடியில் படுத்துத் தூங்கிவிட்டாள். தெரு ஏற்றத்தில் வண்டி மூக்கைத் தூக்கியது. நான் மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தேன். எங்கோ அடியில் இருந்து டாக்டருடைய பழைய லோஷன் வாடை மட்டும் லேசாக வந்தது.

“மறுபடி அந்த ஆஸ்பத்திரி வாடை வருதே. ரெண்டு பொட்டலம் கட்டி வைக்கிறியா?” என்று கேட்டார் அவர்.

“வேண்டாம். அது வரட்டும்” என்றேன்.